நிதி மேலாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதித்துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பாதி, வேறு துறையில் இருந்துகொண்டு எங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் மீதி. இந்த இரு தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றில் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிதி மேலாளர் என்றால் மூத்த கணக்காளர்தானே?

பாதி சரி. பலரும் கணக்காளராக இருந்துதான் இந்த நாற்காலிக்கு வருகிறார்கள். ஆனால் பார்வை போகும் திசை வேறு. கணக்காளர் நடந்ததை எழுதுகிறார். லூக்கா பச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494-இல் வெனிஸில் அச்சான தன் நூலில் வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு இருக்க வேண்டும் என்ற அந்த அடிப்படை 500 ஆண்டுகள் தாண்டியும் அப்படியே நிற்கிறது. ஏடு சரியாக இல்லையென்றால் எங்கள் வேலை தொடங்கவே தொடங்காது.

ஏடு சரியான பிறகு நிதி மேலாளர் அதைத் திருப்பி வைத்துக்கொண்டு வரப்போகிற தேதிகளைப் பார்க்கிறார். சம்பள நாள், வரி கட்டும் நாள், கடன் தவணை நாள், பெரிய வாடிக்கையாளர் பணம் போடுவதாகச் சொன்ன நாள், அவர் வழக்கமாக உண்மையில் போடும் நாள். தொகையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தேதியைப் பற்றிக் கவலைப்படத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பெரிய நிறுவனங்களில் இந்த வேலை பிரிந்து கிடக்கும். பதிவுகளையும் அறிக்கைகளையும் கன்ட்ரோலர் பார்ப்பார், வங்கியையும் கையிருப்பையும் டிரஷரர் பார்ப்பார், பட்ஜெட்டுக்கும் கணிப்புக்கும் தனிக் குழு இருக்கும். சிறிய நிறுவனத்தில் இவை அத்தனையும் ஒருவரே. பிரிண்டருக்கு டோனர் வாங்குவதும் பெரும்பாலும் அவர்தான்.

ஒரு மாதம் எப்படிப் போகும்?

மாதத் தொடக்கம் க்ளோசிங். போன மாதக் கணக்கை மூட வேண்டும்: வங்கி இருப்பையும் நம் ஏட்டு இருப்பையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டுவது, பில் இன்னும் வராத செலவுகளுக்கு ஒதுக்கீடு போடுவது, தேய்மானம் எழுதுவது, அனாமத்துக் கணக்கில் விழுந்து கிடப்பவற்றை உரிய தலைப்புக்கு மாற்றுவது. அனாமத்துக் கணக்கை மட்டும் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கே போடுவதென்று தெரியாதவற்றைத் தற்காலிகமாக அங்கே போடுவார்கள், அவை அங்கேயே வயதாகும். புதிய நிறுவனத்துக்குப் போனதும் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

மூடியதும் அறிக்கை. இங்கே ஒரு பழைய சண்டை உண்டு. கடைசி ரூபாய் வரை துல்லியமான அறிக்கையை 25-ஆம் தேதி கொடுப்பதா, ஏறக்குறையச் சரியானதை 5-ஆம் தேதியே கொடுப்பதா? நான் இரண்டாவது கட்சி. 25-ஆம் தேதி வரும் அறிக்கையை வைத்து யாரும் எதையும் மாற்ற முடியாது, அடுத்த மாதமே முடியப்போகிறது. சின்னத் திருத்தங்களை அடுத்த மாதம் செய்துகொள்ளலாம். ஆண்டுக் கணக்குக்கும் வரிக் கணக்குக்கும் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

மாத நடுவில் கூட்டங்கள். கடைசி வாரம் வசூலும் பட்டுவாடாவும். நடுநடுவே யாராவது ஓடி வந்து, “இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும், ஒப்பந்தம் தயார்” என்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது விலையை அல்ல, பணம் செலுத்தும் நிபந்தனைகளை.

லாபம் வருகிறது என்கிறீர்கள், பணம் இல்லை என்றும் சொல்கிறீர்கள். எப்படி இரண்டும் உண்மையாகும்?

இந்த வேலையிலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலாளி கேட்பார், விற்பனை மேலாளர் கேட்பார், சில நேரம் வங்கிக்காரரும் கேட்பார்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு நிறுவனம் மாதம் 10 லட்சத்துக்கு விற்கிறது. அந்தப் பொருளின் அடக்கம் 8 லட்சம். சரக்கு விற்கும்வரை கிடங்கில் 45 நாள் இருக்கிறது. விற்ற பிறகு வாடிக்கையாளர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார். நமக்குச் சரக்குக் கொடுத்தவருக்கு நாம் 30 நாளில் கொடுக்க வேண்டும். 45-ஐயும் 60-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 75 நாள். அதாவது நம் கைப்பணம் வெளியே போய்த் திரும்பி வர 75 நாள் ஆகிறது. மாதம் 8 லட்சம் அடக்கத்துக்கு, எந்த நேரத்திலும் சுமார் 20 லட்சம் இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது விற்பனை இரட்டிப்பாகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். மாட்டிக்கொள்ளும் பணம் 40 லட்சமாகிறது. அந்தக் கூடுதல் 20 லட்சம் எங்கிருந்து வரும்? மொத்த லாபம் மாதம் 4 லட்சம்தான், அதிலிருந்துதான் சம்பளமும் வாடகையும் வட்டியும் போக வேண்டும். லாப நட்டக் கணக்கு பிரமாதமாக இருக்கும், வங்கிக் கணக்கு காலியாக இருக்கும். இரண்டிலும் பொய் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அதுவரை காணாத விற்பனை நடந்த அதே காலாண்டில் சம்பளம் ஒன்பது நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளில் கேட்ட கேள்விகளை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு பெரிய ஆர்டரை ஏற்றபோது அதன் நாள் கணக்கை யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை. நானும்தான்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். வாடிக்கையாளர் முற்பணம் கொடுத்தால் வங்கியில் பணம் நிறைந்து தெரியும். ஆனால் வேலையை முடித்துக் கொடுக்கும்வரை அது வருமானம் ஆகாது, சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையான ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில்தான் நிற்கும். அந்தப் பணத்தில் புது அலுவலகம் அலங்கரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 75 நாளை எப்படிக் குறைப்பது?

மூன்று முனைகள் உண்டு: சரக்கு, வசூல், பட்டுவாடா. பலரும் மூன்றாவதையே முதலில் பிடிப்பார்கள், அதாவது சப்ளையருக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள். சுலபமான வழி, ஆனால் மலிவான வழி அல்ல. தாமதமாகக் கொடுப்பவருக்கு அடுத்த முறை விலை ஏறும், தட்டுப்பாடு வரும்போது சரக்கு வேறொருவருக்குப் போகும்.

வசூலில்தான் சத்து இருக்கிறது. “அவர்கள் பணம் தர மறுக்கிறார்கள்” என்று எனக்கு வந்த பழைய பாக்கிகளைத் துருவிப் பார்த்தபோது, அடிக்கடி குற்றம் நம் பக்கம் இருந்தது. இன்வாய்ஸில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லை. விலை ஒப்பந்தத்தில் ஒன்று, பில்லில் ஒன்று. மூன்று பெட்டி உடைந்து போனதாக வாடிக்கையாளர் எழுதிய கடிதம் விற்பனை அலுவலரின் இன்பாக்ஸில் தூங்குகிறது. சரக்கு 3-ஆம் தேதி போய்ச் சேர்ந்திருக்கிறது, பில் 19-ஆம் தேதி அனுப்பியிருக்கிறோம். நாமே 16 நாளைத் தொலைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்கிறோம்.

அதனால் என் வழக்கம் இது: கெடு தாண்டிய பிறகு போன் செய்வதைவிட, கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்வது. “பில் கிடைத்ததா? உங்கள் சிஸ்டத்தில் ஏறிவிட்டதா? ஏதாவது குறை உண்டா?” இதற்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சிக்கல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

வசூல் யார் வேலை, நிதித்துறையா விற்பனையா?

கேட்பது நிதித்துறை. ஆனால் விற்பனையாளரின் ஊக்கத்தொகையை விற்ற நாளில் கொடுக்காமல் பணம் வந்த நாளில் கொடுத்துப் பாருங்கள், இந்தக் கேள்வியே எழாது.

கையிருப்பை எத்தனை நாளுக்கு முன்கூட்டியே கணிக்க வேண்டும்?

13 வாரம். ஒரு காலாண்டு. இது வேதவாக்கு அல்ல, நடைமுறையில் நிலைத்துவிட்ட அளவு. சம்பளம், வாடகை, வரி, தவணை என்று ஒரு காலாண்டுக்குள் வரவேண்டியவை எல்லாம் ஒரு சுற்றாவது வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் ஒரு பத்தி, வரவு மேலே, பட்டுவாடா கீழே, அடியில் வார இறுதி இருப்பு. வாரம் ஒன்று முடிய முடிய, புதிய 13-ஆம் வாரத்தைச் சேர்க்க வேண்டும்.

மாதக் கணிப்பு போதாதா என்று கேட்பார்கள். மாத இறுதி இருப்பு நன்றாக இருக்கும், ஆனால் நடுவில் 17-ஆம் தேதி குழி விழுந்திருக்கும். மாதக் கணிப்பில் அந்தக் குழி தெரியாது.

போன வாரக் கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். பல இடங்களில் கணிப்பு போடுகிறார்கள், ஒப்பிடுவதில்லை. ஒப்பிட்டால் ஒரு விஷயம் விரைவில் புரியும்: செலவு பெரும்பாலும் சொன்ன தேதியில் போய்விடுகிறது, வரவுதான் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு வாடிக்கையாளர் “60 நாள்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று முறையும் 74-ஆம் நாள் கொடுத்திருந்தால் கணிப்பில் 74 என்றே போடுங்கள்.

உபரிப் பணம் இருந்தால் எங்கே வைப்பது?

முதலில் பாதுகாப்பு, அடுத்து வேண்டும்போது எடுக்க முடிவது, கடைசியில்தான் வட்டி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினவர்கள் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வங்கியில் வைக்கக் கூடாது என்பதற்கு 2023 மார்ச்சில் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க், குறுகிய கால டெபாசிட்டுகளை வாங்கி நீண்ட காலக் கடன்பத்திரங்களில் போட்டிருந்தது. வட்டி விகிதம் ஏறியதும் அந்தப் பத்திரங்களின் மதிப்பு இறங்கியது. செய்தி பரவி, மார்ச் 9-ஆம் தேதி ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை டெபாசிட்தாரர்கள் எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. காப்பீடு ஒரு டெபாசிட்தாரருக்கு 2.5 லட்சம் டாலர் வரைதான். ரோக்கு என்ற வீடியோ ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் கையிருப்பில் சுமார் 26 விழுக்காடு, ஏறக்குறைய 48.7 கோடி டாலர், அங்கே இருந்தது. அந்த வார இறுதியில் அரசு எல்லா டெபாசிட்டுக்கும் உத்தரவாதம் கொடுத்துவிட்டதால் தப்பித்தார்கள். ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் எத்தனையோ நிதி மேலாளர்கள் ‘அடுத்த சம்பளத்துக்கு என்ன செய்வது’ என்று உட்கார்ந்திருந்தார்கள்.

கவனியுங்கள், அந்த வங்கி கவிழ்ந்த காரணமும் தேதிதான். கொடுக்க வேண்டிய நாளும் வர வேண்டிய நாளும் பொருந்தவில்லை.

பட்ஜெட் போடுவதில் ஏன் இவ்வளவு பகை?

ஏனென்றால் எல்லோரும் அதை ஏலமாக நடத்துகிறோம். துறைத் தலைவர் 100 தேவைப்படும் இடத்தில் 130 கேட்கிறார், நிதித்துறை வெட்டும் என்று அவருக்குத் தெரியும். நிதித்துறை வெட்டுகிறது, அவர் கூட்டிக் கேட்டிருப்பார் என்று அதற்குத் தெரியும். இதில் உண்மையான 100-ஐக் கேட்டவருக்குத்தான் நஷ்டம். ஆண்டு முடிவில் மிச்சமிருந்தால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்களே என்று கடைசி மாதத்தில் நாற்காலி வாங்குவார்கள்.

ஒவ்வொரு செலவையும் பூஜ்யத்திலிருந்து நியாயப்படுத்தும் முறை ஒன்று உண்டு. பீட்டர் பிர் என்பவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் அதை நடத்திப் பார்த்து 1970-இல் கட்டுரையாக எழுதினார். நல்ல மருந்துதான், ஆனால் ஒவ்வொரு ஆண்டும் எல்லாத் துறைக்கும் கொடுத்தால் நிறுவனமே பட்ஜெட் எழுதும் வேலையில் மூழ்கிவிடும். ஆண்டுக்கு ஒரு துறை என்று சுழற்சியாகச் செய்வது என் அனுபவத்தில் தாங்கக்கூடியதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்ஜெட்டை இலக்காகவும் கணிப்பாகவும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள். இலக்கு விற்பனையாளரை ஓட வைக்க. கணிப்பு பணத்தை ஏற்பாடு செய்ய. இலக்கை நம்பிக் கடன் தவணைக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த ஓட்டம் நமக்குத்தான்.

புதிய இயந்திரம் வாங்கலாமா கூடாதா என்பதை எப்படி முடிவு செய்வது?

இன்று 10 லட்சம் போட்டால் ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் மூன்று ஆண்டு வரும் என்கிறார்கள். மொத்தம் 12 லட்சம், 2 லட்சம் லாபம். சரியா?

நாம் பணம் திரட்டும் செலவு ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால், ஓராண்டு கழித்து வரும் 4 லட்சத்தின் இன்றைய மதிப்பு 3.64 லட்சம். இரண்டாம் ஆண்டினது 3.31 லட்சம். மூன்றாவது 3.01 லட்சம். கூட்டினால் 9.95 லட்சம். போட்டது 10. ஆக, 2 லட்சம் லாபமாகத் தெரிந்தது உண்மையில் சில ஆயிரம் நட்டம். இதைத்தான் நிகர நிகழ்கால மதிப்பு என்கிறோம்.

இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். நடைமுறையில் நான் அடுத்துக் கேட்பது: இயந்திரம் ஓராண்டு தாமதமாக ஓடத் தொடங்கினால்? பணத்தை இன்றே கொடுத்துவிட்டோம், வரவு மூன்றும் ஓராண்டு தள்ளுகிறது. இன்றைய மதிப்பு 9.04 லட்சத்துக்கு இறங்கும், நட்டம் ஏறக்குறைய ஒரு லட்சம். இடம் தயாராக இருக்கிறதா, மின் இணைப்பு வந்துவிட்டதா, ஓட்ட ஆள் இருக்கிறாரா என்று நிதி மேலாளர் கேட்பது மூக்கை நுழைப்பது அல்ல. விழுக்காட்டை அரைப் புள்ளி மாற்றிப் பார்ப்பதைவிட இந்தக் கேள்விகள் அதிகப் பணத்தைக் காப்பாற்றும்.

எக்செல் போதுமா?

போதும், பயத்தோடு பயன்படுத்தினால். 2012-இல் ஜேபி மார்கன் வங்கி நிதிச் சந்தையில் வைத்த ஒரு பெரும் பந்தயத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பிறகு வங்கியே வெளியிட்ட அறிக்கையில், அபாயத்தை அளக்கும் கணக்கீட்டு மாடல் பல எக்செல் தாள்களில் கையால் காப்பி-பேஸ்ட் செய்து ஓடிக்கொண்டிருந்ததும், ஓரிடத்தில் சராசரியால் வகுக்காமல் கூட்டுத்தொகையால் வகுத்ததும் வெளியே வந்தது. இழப்புக்கு அது ஒன்றே காரணம் அல்ல. ஆனால் இருந்த அபாயத்தை அது சின்னதாகக் காட்டியது.

என் விதிகள் சில: சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதே, அனுமானங்களைத் தனித் தாளில் வை. மறைத்த வரிசைகள் இருந்தால் அந்தக் கோப்பை நம்பாதே. கோப்பின் பெயரில் ‘ஃபைனல்’ என்று இரண்டு முறை இருந்தால் இன்னும் நம்பாதே.

சிறிய அலுவலகம், நிதித்துறையில் இரண்டே பேர். உள்கட்டுப்பாடெல்லாம் நமக்குத் தேவையா?

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. இதன் சாரம் ஒரே வரி: பணத்தைத் தொடுகிறவரும் அதைக் கணக்கில் எழுதுகிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

1762-இல் தொடங்கிய பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் கவிழ்ந்தது இந்த ஒரு வரியை மீறியதால்தான். சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கு முடிக்கும் பிரிவையும் அவரே நடத்தினார். நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள பிழைக் கணக்கில் ஒளித்து வைத்தார். அனாமத்துக் கணக்கைப் பற்றி முன்பே சொன்னேன், இல்லையா? 1994 முடிவில் ஒளிந்திருந்தது சுமார் 20.8 கோடி பவுண்டு. அடுத்த இரண்டு மாதத்துக்குள் 82.7 கோடி ஆகியிருந்தது. முடிவில் அந்த வங்கியை ஒரு பவுண்டுக்கு வாங்கினார்கள்.

இரண்டே பேர் இருக்கும் இடத்தில் என்ன செய்யலாம்? ஒருவர் பேமென்ட் ஏற்றட்டும், மற்றவர் அனுமதிக்கட்டும். வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலை இருவரும் அல்லாத மூன்றாம் ஆள், வேண்டுமானால் உரிமையாளரே, மாதம் ஒருமுறை வங்கியிலிருந்து நேராக எடுத்த ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ந்து சில நாள் விடுப்பில் போகட்டும், வேலையை மற்றவர் பார்க்கட்டும். விடுப்பே எடுக்காத ஊழியரை விசுவாசி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் விசுவாசிதான். எப்போதாவது ஒருவர் இருக்கையை விட்டு எழ முடியாத நிலையில் இருப்பார்.

இன்னொன்று இப்போது அன்றாடமாகிவிட்டது. சப்ளையரின் பெயரில் மின்னஞ்சல் வரும்: “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்.” அல்லது தலைமை அதிகாரியின் பெயரில்: “அவசரம், ரகசியம், இன்றைக்கே அனுப்பு.” அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். நம் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குச் செய்து கேளுங்கள். அவசரப்படுத்துவதே இந்த ஏமாற்றின் கருவி, அதனால் அவசரம் கூடக்கூட நீங்கள் நிதானமாகுங்கள்.

மேலிடம் ‘இந்த ஒரு முறை மட்டும் எண்ணைக் கொஞ்சம் சரிசெய்’ என்றால்?

இந்தக் கேள்வியைச் சிலர் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வேர்ல்ட்காம் கதையை அவர்களுக்குச் சொல்வேன். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம். பிறரின் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தை அன்றாடச் செலவாக எழுத வேண்டும். லாபம் குறைந்து தெரியாமலிருக்க அதைச் சொத்தாக மாற்றி எழுதினார்கள். செலவென்றால் இந்த ஆண்டே லாபத்தைத் தின்றுவிடும். சொத்தென்றால் பல ஆண்டுகளுக்குப் பிரித்து மெல்ல மெல்லக் கழிக்கலாம். ஒரு தலைப்பு மாற்றம்தான். சிந்தியா கூப்பர் தலைமையிலான உள் தணிக்கைக் குழு இரவு நேரங்களில் ஓசையில்லாமல் பதிவுகளைத் தோண்டி இதைக் கண்டுபிடித்தது. 2002 ஜூனில் நிறுவனம் ஒப்புக்கொண்டது 380 கோடி டாலர். பிறகு அது சுமார் 1,100 கோடியாக வளர்ந்தது. தலைமை நிதி அதிகாரி ஸ்காட் சல்லிவனுக்கு 5 ஆண்டுச் சிறை, தலைமை நிர்வாகி பெர்னார்ட் எபர்ஸுக்கு 25 ஆண்டு. மேலே இருந்தவர்கள் சொன்னபடி பதிவு போட்ட நடுமட்ட கணக்கு மேலாளர்களும் நீதிமன்றத்தில் நின்றார்கள். சொன்னதைத்தான் செய்தோம் என்ற வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. 2002-இலேயே வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் அறிக்கைகளுக்குத் தலைமை நிர்வாகியும் நிதி அதிகாரியும் தாங்களே கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும் என்றாக்கியது.

‘ஒரு முறை மட்டும்’ ஏன் ஒரு முறையோடு நிற்பதில்லை? அடுத்த காலாண்டு ஒப்பிடப்படுவது இந்தப் பொய்யோடுதான். இந்த மாதம் அடுத்த மாத விற்பனையைக் கடன் வாங்கினால், அடுத்த மாதம் அதை அடைத்துவிட்டு அதற்கும் மேலே விற்க வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்வது? முதலில், கேட்பவர் மோசடியைத்தான் கேட்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பலருக்கும் விதி தெரியாது. “இதை இந்தக் காலத்தில் காட்ட விதி இடம் தரவில்லை, வேண்டுமானால் உண்மை எண்ணையும் அதற்கான விளக்கத்தையும் சேர்த்து எழுதித் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். நிற்காவிட்டால், நீங்கள் சொன்னதை எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் மேல் போனால் தணிக்கைக் குழுவிடமோ இயக்குநர்களிடமோ போக வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வேலை போகலாம், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர் ஆறு மாதச் செலவுக்காவது சொந்தமாகச் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்று இளையவர்களிடம் சொல்வேன். கடனில் கழுத்து வரை மூழ்கியவரால் ‘முடியாது’ என்று சொல்ல முடிவதில்லை.

வங்கியிடம் கெட்ட செய்தியை எப்போது சொல்வது?

வங்கிக்கே தெரியவருவதற்கு முன்னால். கடன் ஒப்பந்தங்களில் சில விகிதங்களைக் காப்பதாக உறுதி தந்திருப்போம்: வருமானம் வட்டியைப்போல் இத்தனை மடங்கு இருக்கும், கடன் இந்த அளவைத் தாண்டாது என்று. 13 வாரக் கணிப்பில் அந்த விகிதம் உடையப்போவது தெரிந்தால், உடைவதற்கு முன் போய்ச் சொன்னால் அது பேச்சுவார்த்தை. உடைந்த பிறகு சொன்னால் அது ஒப்பந்த மீறல். எண் இரண்டிலும் ஒன்றுதான்.

வியாபாரத்தில் ஒன்றுமே மாறாமல் விகிதம் மாறுவதும் உண்டு. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் தரநிலை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை வாடகைச் செலவாக மட்டும் இருந்த குத்தகைகளில் பெரும்பாலானவை ஐந்தொகைக்குள் கடனாக ஏறின. பழைய ஒப்பந்தத்தில் ‘கடன்’ என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதியிருந்தது என்று எல்லோரும் பக்கம் புரட்டிய ஆண்டு அது.

தணிக்கையாளர்கள் ஏன் எங்களைக் குற்றவாளிபோல் பார்க்கிறார்கள்?

அப்படிப் பார்ப்பதற்குத்தான் அவர்களுக்குக் கட்டணம். ஆவணத்தை முதல் முறை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். மூன்றாம் முறை கேட்கும்போது அவர் பார்வை உண்மையிலேயே மாறிவிடும்.

லாப நோக்கமற்ற அமைப்பில் இந்த வேலை சுலபமா?

கடினம். வணிக நிறுவனத்தில் ஒரு ரூபாய் இன்னொரு ரூபாயைப் போன்றது. அறக்கட்டளையில் அப்படி அல்ல. பள்ளிக் கட்டடத்துக்கென்று வந்த நன்கொடையில் அலுவலக மின் கட்டணம் கட்ட முடியாது. வங்கியில் ஒரு கோடி இருக்கும், அதில் நாம் விருப்பப்படி தொடக்கூடியது இரண்டு லட்சம் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் மொத்த இருப்பைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிற நிர்வாகக் குழுக்கள் உண்டு. மாத அறிக்கையில் மேலே முதல் வரியாக, ‘கட்டுப்பாடில்லாத நிதி, இத்தனை வாரச் செலவுக்குப் போதும்’ என்று எழுதிவிடுங்கள். மானியம் பல நேரம் செலவு செய்து கணக்குக் காட்டிய பிறகுதான் வரும் என்பதையும் கணிப்பில் மறக்க வேண்டாம்.

என்ன படிக்க வேண்டும்?

உங்கள் நாட்டில் கணக்கியல் தொழிலுக்கு உரிமம் தரும் படிப்பு எதுவோ அது முதல். பல நாடுகளில் மதிக்கப்படும் ஏசிசிஏ, மேலாண்மைக் கணக்கியலுக்கான சிஎம்ஏ, முதலீட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு மூன்று கட்டத் தேர்வுகள் கொண்ட சிஎஃப்ஏ என்று வழிகள் உண்டு. பட்டம் நேர்காணல் வரை கொண்டுபோய் விடும். அதன் பிறகு தேவைப்படுவது ஐந்தொகை தெரியாத ஒருவருக்கு ஐந்தொகையை ஐந்து நிமிடத்தில் புரியவைக்கும் திறன், அதை எந்தத் தேர்விலும் நான் சந்திக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா?

பில்லைப் படித்துப் பதிவேற்றுவது, வங்கி வரிகளைப் பொருத்துவது போன்ற வேலைகளை இயந்திரம் செய்யட்டும், அவற்றுக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். ஆனால் கொள்முதல் தலைவர் “வந்துடும் சார், வந்துடும்” என்று சொல்லும்போது இரண்டாவது ‘வந்துடும்’ எதற்கு என்று யோசிக்க இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

நாளை நிதி மேலாளராகச் சேர்கிறேன். முதல் மாதத்தில் என்ன செய்வது?

எதையும் மாற்றாதீர்கள். கையெழுத்து அதிகாரம் யார் யாருக்கு இருக்கிறது என்று வங்கியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வேலையை விட்டுப் போனவரின் பெயர் இன்னும் அதில் இருக்கக்கூடும். கடன் ஒப்பந்தங்களை முழுதாகப் படியுங்கள். வரி, காப்பீடு, உரிமம் புதுப்பிக்கும் தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கிடங்குக்கு நேரில் போய்ப் பாருங்கள், ஏட்டில் இருக்கும் சரக்கின்மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்று.

பிறகு, பேமென்ட் போடும் இளநிலை ஊழியரிடம் உட்கார்ந்து, எந்த நாளில் அவருக்கு வயிற்றைப் பிசையும் என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் ஒரு தேதி சொல்வார். அந்தத் தேதியிலிருந்து கணிப்பைத் தொடங்குங்கள்.